மலையின் பெயருக்குச் சான்று வேண்டும்

குடகிலும் சிக்மகளூரிலும் விளையும் காபிக்கொட்டை சேலம், சென்னை அரைவைக் கடைகளுக்கு வர ஓசூர் - கிருஷ்ணகிரி சாலை முக்கியமான வழி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு ஜூஜுவாடி எல்லையில் வணிகவரிக்காக லாரிகளை நிறுத்துவதில்லை. லாரியோடு வரும் இ-வே பில்லில் சரக்கின் மதிப்பும் அது போகும் ஊரும் இருக்கும்; எந்த மலையில் விளைந்தது என்பது இருக்காது. வாடிக்கையாளர் கூடுதல் விலை கொடுப்பதோ அந்த மலையின் பெயருக்குத்தான்.

குடகு, சிக்மகளூர், பாபாபுடன்கிரி, அரக்கு அராபிகாக்களுக்கும் வயநாடு ரொபஸ்டாவுக்கும் 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. பொட்டலத்துக்குள் இருப்பது அந்தப் பெயருக்கு உரியதுதானா என்பதை யார் உறுதிசெய்வது?

மணம் ஓரளவு உதவும். வறுத்த காபியில் ஆவியாகும் சேர்மங்கள் 800க்கும் மேல். வாயு வண்ணப்பிரிகைக் கருவி அவற்றைப் பிரித்துக் கொடுக்க, நிறை நிறமாலைமானி ஒவ்வொன்றையும் இன்னதென்று காட்டும். மலையின் உயரம், குளிர், நிழல்மரம் ஆகியவற்றைப் பொறுத்துப் பச்சைக்கொட்டையில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கூடும், குறையும். வறுக்கும்போது அவையே மணமாகின்றன. ஆனால், பழத்தைப் பதப்படுத்தும் முறை, கிடங்கில் இருந்த காலம், வறுவலின் பதம் எல்லாமே மணத்தை மாற்றும். ஒரே தோட்டத்துக் கொட்டையை இளவறுவலாகவும் கருவறுவலாகவும் வறுத்தால் இரண்டு மணம் வரும். மணத்தை மட்டும் வைத்து மலையைத் தீர்மானித்தால் நேர்மையான விவசாயியும் மோசடிக்காரர் ஆகிவிடக்கூடும்.

ஹவாய்த் தீவின் கோனா விவசாயிகள் இதற்கு வழிகாட்டுகிறார்கள். தங்கள் ஊர்ப் பெயரில் வணிக நிறுவனங்கள் வேறு காபியை விற்றதாக 2019இல் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்கள் தரப்பு ஆய்வு, கொட்டையில் உள்ள ஸ்ட்ரான்சியம், பேரியம் போன்ற தனிமங்களின் விகிதங்களை அளந்தது. வறுத்தாலும் அந்த விகிதங்கள் பெரிதாக மாறுவதில்லை. அந்த நிறுவனங்கள் 4 கோடி டாலருக்கும் மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன.

எந்தக் கருவியானாலும் ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான மாதிரிகள் வேண்டும். சேர்வராயன், பழனி, நீலகிரி மலைகளில் பல பருவங்களின் பச்சைக்கொட்டையைச் சேகரித்து, மணமும் தனிமங்களும் அடங்கிய பொதுத் தரவுத்தொகுப்பைக் காபி வாரியம் உருவாக்க வேண்டும். பாலேஹொன்னூரில் 1925 முதல் இயங்கும் ஆராய்ச்சி நிலையமும் தமிழகத்தில் தாண்டிக்குடி நிலையமும் அதன் கையில் இருக்கின்றன. 2019இல் குறியீடு பெற்ற ஐந்தில் தமிழகக் காபி ஒன்றுகூட இல்லை. நமது மலைகளுக்குக் குறியீடு கோரவும் இந்தத் தரவே அடிப்படை.

பரிசோதனைக் கூடத்துக்கு ஓசூர் பொருத்தமான இடம். இரு மாநிலச் சரக்கும் கடக்கும் ஊர் அது; கிருஷ்ணகிரியின் மாம்பழக் கூழையும் அதே கருவிகளால் சோதிக்கலாம். கட்டணத்தை மலையின் பெயரைப் போட்டு விற்கும் நிறுவனங்களே ஏற்க வேண்டும். காபி விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். பெயரால் வரும் லாபத்தில் அவர்களுக்குப் பங்கு குறைவு. பெயரை நிரூபிக்கும் செலவையும் அவர்கள் தலையில் கட்டுவது அநீதி.