மாடி அவருடையது, பில் நம்முடையது

ராத்திரி பதினோரு மணிக்கு, ஃபேனுக்கு நேர் கீழே படுத்துக்கொண்டு, 'வருவது காற்றா, இட்லிப் பானை ஆவியா' என்று யோசித்ததுண்டா? விருத்தாசலத்தில் மேல் போர்ஷன் எடுத்துப் பாருங்கள், யோசிப்பீர்கள். பாவம், ஃபேன் மேல் தப்பில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்க்ரீட், சூரியன் டியூட்டி முடித்துப் போனபிறகு ஓவர்டைம் பார்க்கிறது.

போன சித்திரையில் ஒருநாள் விழித்துப் பார்த்தால் அப்பாவைக் காணோம். பாத்ரூம் வாசலில் வெறுந்தரையில் படுத்திருந்தார். வயது 74. "இங்கதான்டா சில்லுன்னு இருக்கு" என்றார். மறுநாளே தவணையில் ஏ.சி. வாங்கிவிட்டேன்.

அடுத்த பில் 500 யூனிட்டைத் தாண்டியது. தமிழ்நாட்டில் ரெண்டு மாசத்துக்கு 500 என்பது லட்சுமணன் கோடு. தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவற்றுக்கும் ரேட் ஏறிவிடும்.

செராமிக் பேட்டையில் வேலை பார்க்கும் நண்பனிடம் புலம்பினேன். சிரித்தான். "நானாவது சூளைக்கு வெளியில நிக்கறேன். நீ சூளைக்குள்ள படுத்துக்கிட்டு ஏ.சி. போடற. மாடியில வெள்ளை ஓட்டுச் சில்லைப் பதிக்க வேண்டியதுதானே?"

அட! பொம்மையும் ஃப்யூஸ் கட்டையுமாகப் பீங்கானிலேயே பிழைக்கிற ஊர் இது. எனக்குத் தோன்றவில்லையே. வெள்ளைப் பரப்பு, தன் மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். கறுத்துப்போன சிமெண்ட் அதை விழுங்கிக்கொள்ளும். கட்டடக் கலைஞர் பி.வி.தோஷி, 1980-களின் தொடக்கத்தில் அகமதாபாத்தில் கட்டிய தன் 'சங்கத்' ஆபீஸின் வளைவுக் கூரைகளை உடைந்த வெள்ளைப் பீங்கான் சில்லுகளால்தான் மூடினார். அந்த ஊர் வெயில் நம்ம ஊருக்குச் சளைத்ததல்ல. (2018-ல் அவருக்கு பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. கட்டடக்காரர்களின் நோபல்!)

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பக்கத்து நெய்வேலியில் ஒரு யூனிட் கரண்ட் எடுக்க சுமார் ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிய வேண்டும். நான் ஒரு ராத்திரி ஏ.சி. போட்டுத் தூங்கினால் ஒரு கூடை கரி காலி.

உற்சாகமாக வீட்டு ஓனரிடம் போனேன்.

"தாராளமா பதிங்க தம்பி. செலவு யாருது?"

"வீடு உங்களுது சார்..."

"கரண்ட் பில்லு உங்களுது. நான் கீழ் போர்ஷன்ல இருக்கேன். எனக்கு ஜில்லுன்னுதான் இருக்கு."

ஜில்லென்று இருப்பதற்குக் காரணமே, அவர் தலைக்கு மேல் குடையாக நாங்கள் வெந்துகொண்டிருப்பதுதான். சொல்லவில்லை. அட்வான்ஸ் அவர் கையில் இருக்கிறது. தெலங்கானாவில் 2023-ல் கூல் ரூஃப் கொள்கையே கொண்டுவந்தார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களுக்குக் கட்டாயம். நல்லது. ஆனால் புதுசு கட்டுகிறவன் மாடிக்குக் குடித்தனக்காரன் நான் எங்கே போவேன்?

கடைசியில் அப்பாதான் வழி சொன்னார். சுண்ணாம்பு. வடிகட்டி, பிடிப்புக்குக் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, ரெண்டு கோட்டு. ஞாயிற்றுக்கிழமை நானும் நண்பனும் அடித்தோம். அப்பா படியில் உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்த்தார். ஐப்பசி மழையில் பாதி கரைந்துவிடும், மாசியில் மறுபடி அடிக்க வேண்டும். ஓடு மாதிரி வருஷக்கணக்கில் நிற்காது. ஆனால் செலவு ஆயிரத்துச் சொச்சம்தான்.

மறுநாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு அப்பா செருப்பில்லாமல் மாடியில் போய் நின்று காட்டினார். ஏ.சி. இப்போது படுக்கும்போது ஒரு மணி நேரம், அவ்வளவுதான். அடுத்த பில் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது.

போன வாரம் ஓனர் வீட்டம்மா படியேறி வந்தார், கையில் முறத்தோடு.

"மாடியில என்ன தம்பி பண்ணி வெச்சீங்க? ஒரே நாள்ல காயற வத்தல், ரெண்டு நாளாகியும் காய மாட்டேங்குது!"