பாமினியைத் தூக்குறதுக்கு முன்னாடி...

போன ஞாயித்துக்கிழமை பொட்டியைச் சுத்தம் பண்ண உட்கார்ந்தேன் மக்களே. எழுத்துருக்கள் மட்டும் முன்னூத்திச் சொச்சம்! யூனிகோடு வந்தப்புறம் இதெல்லாம் எதுக்குன்னு பழைய தமிழ் எழுத்துருக்களை மொத்தமா தூக்கிட்டேன்.

மறுநாள், தாத்தா சொல்லச் சொல்ல அப்பா 2004-ல தட்டி வெச்ச குடும்பக் கதையைத் திறந்தா, ஒரே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினியில மெய்யெழுத்துப் புள்ளி உட்கார்ந்திருக்கிறது அரைப்புள்ளி இடத்துலதானே! எழுத்துருவைத் திரும்பப் போட்டதும்தான் உசுரே வந்துச்சு.

குப்பையைக் கழிக்கணும், சரி. ஆனா பாமினியோ திஸ்கியோ, பழைய கோப்புகளை முதல்ல யூனிகோடுக்கு மாத்துங்க, எழுத்துருவை அப்புறம் நீக்குங்க. விண்டோஸோட வர்ற நிர்மலா மாதிரி எழுத்துருக்கள்ல கையே வைக்காதீங்க.

அப்பாவோட மீதிக் கோப்புகளை இப்பதான் மாத்திக்கிட்டிருக்கேன். உங்க வீட்டுப் பொட்டியையும் ஒருதடவை பார்த்துடுங்க :-)