சீலோவாம் கோபுரமும் குரங்கணி மலையும்

தியானப் பகுதி: லூக்கா 13:1–5



ஆல்ப்ஸ் மலையில் குடிலுக்குக் குடில் தங்கி, நாள்கணக்கில் நடந்து, புறப்பட்ட இடத்திற்கே திரும்பும் பாதைகள் உண்டு. மோன் பிளாங் சிகரத்தைச் சுற்றும் பாதை மூன்று நாடுகளின் வழியே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் செல்கிறது. அக்குடில்களில் தங்குவோர் தம் பெயரையும் அடுத்துச் செல்லும் இடத்தையும் ஏட்டில் எழுதிவைப்பது வழக்கம். ஒருவர் வந்துசேராவிடில், எங்கே தேடுவது என்பதை அந்த ஏடு அறிவிக்கும்.

நம் தேனி மாவட்டத்திலும் அழகிய மலைப்பாதை ஒன்று உண்டு. குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறியவர்கள், 2018 மார்ச் 11 அன்று இறங்கி வருகையில் காட்டுத்தீயில் சிக்கினர். 23 பேர் மரித்தனர். சென்றவர்களில் பலர் இளம்பெண்கள். அந்நாட்களில் எங்கும் கேட்ட கேள்வி, "இவர்கள் ஏன் அங்கே போனார்கள்?" என்பதே. நம் சபையாரின் வாயிலிருந்தும் அதைக் கேட்டேன்.

சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டபோதும் ஜனங்கள் அவ்விதமே எண்ணினர். மாண்டவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளோ என்று ஆண்டவர் கேட்டு, இல்லை என்று தாமே மறுமொழி கூறினார். மனந்திரும்பும்படி அவர் அழைத்தது மரித்தவர்களை அன்று, நின்று பேசிக்கொண்டிருந்தவர்களையே.

ஜெகதாப்பட்டினத்தாராகிய நமக்கு இது புதிதன்று. நம் மீனவர் கடலில் சிறைபிடிக்கப்படும்போது, "ஏன் எல்லை தாண்டினார்கள்?" என்று தொலைவிலிருந்து கேட்போர் உண்டு. அச்சொல் இங்குள்ள தாய்மாரின் நெஞ்சை எவ்வளவு புண்படுத்தும் என்பதை நாம் அறிவோம். நமக்குச் செய்யப்படுவதை விரும்பாத நாம், அதையே பிறர் வீட்டுத் துக்கத்தில் செய்யலாமா?

படகு ஒன்று குறித்த நேரத்தில் கரை சேராவிட்டால் நம்மூரார் குற்றம் விசாரிப்பதில்லை, தேடிப் புறப்படுகிறார்கள். குரங்கணியிலும் முதலில் மலையேறி உதவியவர்களுள் அவ்வூர் மக்கள் இருந்தனர்.

ஆயினும், இரங்குவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. புது வீடு கட்டுகிறவன், ஒருவரும் விழாதபடி மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று உபாகமம் 22:8 கற்பிக்கிறது. விழுந்தவனின் கவனக்குறைவைப் பற்றி அது பேசவில்லை; சுவர் கட்டாதவனின் பொறுப்பையே பேசுகிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை முன்பதிவு, வழிகாட்டி ஆகிய ஏற்பாடுகளுடன் திறந்தது. நல்ல சுவர், ஆனால் 23 பேர் விழுந்தபின் எழுந்த சுவர். சுவர் முன்னரே எழவேண்டும் என்பதே என் தாழ்மையான கருத்து.

ஆகையால் இவ்வாரம் ஒன்று செய்வோம். உயிர்காக்கும் சட்டையின்றிக் கடலுக்குச் செல்லும் ஒருவரை அன்போடு தடுத்து நிறுத்துவோம். உங்கள் பிள்ளைகள் சுற்றுலா செல்லுமுன், எங்கே, யாரோடு, என்று திரும்புவாய் எனக் கேட்டு எழுதிவைப்போம்.

ஜெபம்: பரம பிதாவே, மலையிலும் கடலிலும் செல்வோரைக் காத்தருளும். நியாயந்தீர்க்கும் எங்கள் நாவை அடக்கி, சுவர் எழுப்பும் கைகளை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.