அடுத்த ஷிப்ட்டுக்கு ஆள் வேண்டும்

நெய்வேலி 16-ஆம் வட்டத்து நடராசர் கோயிலில் ஓர் ஆராய்ச்சி மணியும் மனுப் பெட்டியும் உண்டு. மனக்குறையைத் தாளில் எழுதிப் பெட்டியில் போட்டு, மணியை அடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். மகளுக்கு வரன், மகனுக்கு நிரந்தர வேலை, கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு, பங்காளியோடு வழக்கு என்று உள்ளே என்னென்ன இருக்கும் என ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. சாமி படிக்கிறாரா என்பது அவரவர் நம்பிக்கை. மனுப் போட்டவர் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்பது மட்டும் நிச்சயம். காத்திருக்கிறவர் நாளை என்ற ஒன்றுக்குச் சம்மதித்துவிட்டார்.

மனிதர்கள் ஏன் உயிர்வாழ விரும்புகிறார்கள் என்ற கேள்விக்குச் சமயங்களும் தத்துவங்களும் பெரிய பதில்களை வைத்திருக்கின்றன. நெய்வேலிக்குப் பக்கத்திலேயே, வடலூரில், மரணமிலாப் பெருவாழ்வைப் பற்றி வள்ளலார் பேசினார். அதே வள்ளலார் 1867 மே 23 அன்று தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அணையாததற்குத் தத்துவம் காரணமாக இருக்கலாம். ஆனால் தினமும் யாரோ ஒருவர் விறகு வைக்க வேண்டியிருக்கிறது. வெளியே பசித்தவர் தட்டோடு நிற்கிறார். பெரும்பாலானோரை மறுநாள் காலை எழுப்புவது இந்த இரண்டாவது காரணம்தான்.

நெய்வேலி நகரியத்தின் வாழ்க்கையே அப்படிப்பட்டது. 1956-இல் என்எல்சி நிறுவனம் தொடங்கியபோது இங்கே பழுப்பு நிலக்கரியை எடுக்க முடியுமா என்ற சந்தேகத்துக்கு முக்கியக் காரணம் தண்ணீர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் அழுத்தத்தோடு மேலே முட்டுகிறது. இராட்சத பம்புகள் இரவு பகலாக அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். எனவே மூன்று ஷிப்ட். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஷிப்ட். ரிலீவர் வந்து கையெழுத்துப் போடாமல் முந்தைய ஷிப்ட்காரர் இடத்தை விட்டு நகர முடியாது. பத்து நிமிடம் தாமதமானால் போன் வருகிறது: "எங்கய்யா இருக்கே?" அதட்டலாகக் கேட்கும் அந்தக் குரலுக்கு உள்ளே ஒரு செய்தி இருக்கிறது. நீ வராவிட்டால் இங்கே வேலை நகராது என்பதுதான் அது.

இதை ரொம்பவும் அழகாக்கிவிடவும் கூடாது. 2020 மே 7, ஜூலை 1 ஆகிய நாள்களில் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நடந்தன. இரண்டிலுமாகப் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குப் பிறகும் அதே நிலையத்துக்கு மற்றவர்கள் டிபன் கேரியரோடு வேலைக்குப் போனார்கள். துணிச்சல் என்று புகழ்ந்துவிடலாம். வீட்டுக் கடனும் பிள்ளையின் காலேஜ் ஃபீஸும் அதில் பாதி என்பதுதான் உண்மை. ஆனால் கடமை என்பது சுமையாக இருக்கும்போதே ஆளைப் பிடித்து நிறுத்தும் கயிறாகவும் இருக்கிறது.

அந்தக் கயிறு அறுபது வயதில் ஒரே நாளில் அவிழ்கிறது. ஓய்வு பெறும் நாளன்று மாலை, சால்வை, பிரிவுபசாரப் பேச்சு. பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மற்ற ஊர்களில் வேலை மட்டும் போகும். இங்கே வேலை, வீடு, பக்கத்து வீடு, காலை நடைக்கான தெரு எல்லாம் சேர்ந்து போகின்றன. முப்பது வருடம் முன்பு நட்ட மாமரத்தின் பழத்தை அடுத்து வருகிறவர் சாப்பிடுவார். வசதியுள்ளவர்கள் வடலூரிலோ மந்தாரக்குப்பத்திலோ வீடு கட்டிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் பிள்ளைகள் இருக்கும் நகரத்துக்குப் போய் நாலாவது மாடி பால்கனியில் உட்கார்கிறார்கள். பணப்பலனைக் கணக்கிட்டுக் கொடுக்க நிர்வாகத்துக்குத் தெரியும். இந்த இழப்புக்குப் படிவம் எதுவும் இல்லை.

சுரங்கத்துக்கு நிலம் இழந்தவருக்கும் இதே கதைதான், இன்னும் கசப்பாக. 2023 ஜூலையில் வளையமாதேவியில் வாய்க்கால் வெட்டப் பொக்லைன்கள் விளைந்த நெல்லுக்குள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது சென்னை உயர்நீதிமன்றம். பயிருக்கு விலை போட்டாயிற்று. மறுநாள் விடியலில் மண்வெட்டியோடு எங்கே போவது என்பதற்கு யாரும் விலை போடவில்லை.

போக இடம் இருந்தால் மனிதர்கள் எதையும் தாண்டுவார்கள் என்பதற்குப் பண்ருட்டிப் பக்கம் சாட்சி இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், தலைமுறைகளாக நின்ற பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. முந்திரி காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருடம். விதை போட்டு வளர்க்கும் பலாவுக்கு அதைப் போல் இரண்டு மடங்கு. இந்தக் கணக்கு தெரிந்தேதான் மறுபடி கன்று வைத்தார்கள். கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். ஆடு கடிக்காமல் பார்க்க ஆள் வேண்டும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தனர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். இவர்களெல்லாம் வாழ்வை எடைபோட்டுப் பார்த்து வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் என்று நினைப்பது தவறு. இலங்கை இதைக் காட்டியது. 1990-களின் நடுவில் உலகிலேயே மிக அதிகத் தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளில் ஒன்றாக இருந்த அது, கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. இருபது ஆண்டுகளில் விகிதம் எழுபது சதவீத அளவுக்குச் சரிந்தது. அந்த மக்களின் கடனோ குடும்பச் சண்டையோ மறைந்துவிடவில்லை. கொடுமையான ஒரு மணி நேரம் கைக்கு எதுவும் எட்டாமல் கடந்துபோனது, அவ்வளவுதான். நம் கடலூர் மாவட்டத்திலேயே, காட்டுமன்னார்கோயில் பகுதியில், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் கிடங்கில் பூட்டி வைக்கும் முறையைச் சோதித்தது. விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள், தற்கொலைகளும் குறைந்தன. இத்தனை வருடம் ஆகியும் ஊருக்கு ஊர் அது ஏன் வரவில்லை என்று அரசைக் கேட்க வேண்டும்.

என்எல்சி நிர்வாகத்தையும் கேட்கலாம். சுரங்க மண்மேட்டில் மரம் வளர்க்கவும் புத்தகக் கண்காட்சி நடத்தவும் தெரிந்த நிறுவனம் அது. ஓய்வு பெற்றவர்களைப் பயிற்சிப் பள்ளியிலும் நூலகத்திலும் மருத்துவமனை உதவி மேசையிலும் வாரத்தில் இரண்டு நாள் உட்கார வைப்பது அதற்குப் பெரிய செலவில்லை. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு நிரந்தர வேலை கொடுப்பது செலவுதான். ஆனால் அது நிறுவனம் தீர்க்க வேண்டிய கடன்.

இதைப் படிப்பவரோ அவருக்கு வேண்டியவரோ அந்தக் கொடுமையான மணி நேரத்தில் இருந்தால், 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழைக்கலாம். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.