வேகம் இருந்தும் வரிசை நகரவில்லை



பில் போடும் கம்ப்யூட்டர், வை-ஃபையில் ஓடும் கார்டு மெஷின், மொத்த வியாபாரிகளின் இ-வே பில் என்று இன்று நம் தொழிலில் பாதி வேலை பிராட்பேண்ட் இணைப்பை நம்பியே நடக்கிறது. மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், செலையூர்ப் பகுதிக் கடைகளில் மாலை 7 மணிக்குக் கூட்டம் சேரும்போதுதான் அந்த இணைப்பும் தவழ்கிறது. கம்பெனியைக் கேட்டால், நாம் வாங்கிய வேகம் சரியாகத்தான் வருகிறது என்கிறார்கள். இரு தரப்பும் சொல்வது உண்மையாக இருக்கலாம். எப்படி?

கம்பெனியின் ரூட்டர் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியே ஓர் அளவு வைத்திருக்கிறது. அளவுக்கு மேல் வருவதை வரிசையில் நிறுத்தி நிதானமாக விடும். வரிசை நிரம்பினால் மிச்சத்தைத் தள்ளிவிடும். யாரும் தன் பங்குக்கு மேல் எடுக்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு நியாயமானதே. ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு.

முதலாவது, இணைப்புக்கு உள்ளே இருப்பது. மாதச் சாமான் லிஸ்ட்டோடு நிற்பவருக்குப் பின்னால் ஒருவர் ஒரு தீப்பெட்டிக்காக நின்றால், நாம் தீப்பெட்டியைக் கொடுத்து அவரை முதலில் அனுப்பிவிடுவோம். ரூட்டர் அப்படிச் செய்யாது. மாடியில் பிள்ளைகள் இறக்கும் சினிமாவுக்குப் பின்னால் கார்டு மெஷினின் சிறு செய்தி காத்துக்கிடக்கும். அவசரச் செய்திக்கு இன்னொரு வரிசை வைக்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் தாங்கும் ரூட்டரில் வரிசைகளின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. கூட்டினால் செலவும் கூடும்.

இரண்டாவது, பொது லைனில் இருப்பது. 100 பேருக்கு ஆளுக்கு 50 எம்பிபிஎஸ் என்றால் மொத்தம் 5,000. அவர்களுக்குப் பொதுவாக வரும் லைன் 1,000 என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 20 எடுத்தாலே அந்த லைன் அடைத்துக்கொள்ளும். எவரும் வரம்பைத் தாண்டவில்லை. ஆகவே தனித்தனி அளவுகோலால் பயனில்லை.

இப்படிப் பங்கிடுவதற்கு டிராய் 2009-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியது: வீட்டு இணைப்புக்கு 1:50, வணிக இணைப்புக்கு 1:30. பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 2 எம்பிபிஎஸ் டவுன்லோட் வேகம் வேண்டும் என்று 2023-இல் மத்திய அரசு வகுத்தது. நெரிசல் நேரத்தில் ஒரு சிறு செய்தி எத்தனை நேரம் காத்திருக்கும் என்பதற்கு இவை இரண்டிலும் விடை இல்லை. நமக்கு வேண்டியதோ அந்த விடைதான்.

ஆகவே பெரிய பிளானுக்கு மாறுவதே மருந்து என்று பணத்தைக் கொட்ட வேண்டாம். கடைக்கும் வீட்டுக்கும் தனித்தனி இணைப்பு வையுங்கள். முடியாதவர்கள் தங்கள் ரூட்டரிலேயே பில்லிங்குக்கு முன்னுரிமை கொடுத்து, மொத்த வேகத்தைப் பிளானுக்குச் சற்றுக் கீழே நிறுத்தச் சொல்லுங்கள். அப்போது வரிசை பெரும்பாலும் நம் ரூட்டரிலேயே சேரும். அங்கே நம் பேச்சு எடுபடும். அவசரத்துக்கு வேறு கம்பெனி சிம் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

பொது லைனின் நெரிசலை மட்டும் கம்பெனிதான் தீர்க்க முடியும். எத்தனை பேருக்கு ஒரு லைன், மாலை நேரத் தாமதம் எவ்வளவு என்று எழுத்து மூலம் கேட்க வேண்டும். தனி ஒரு கடைக்காரர் கேட்டால் கிடைக்காத பதில், தெருவே சேர்ந்து சங்கத்தின் வழியாகக் கேட்டால் கிடைக்கும். பணம் வந்ததா என்று தெரியாமல் வாடிக்கையாளரை நிறுத்தி வைப்பது நம் வியாபாரத்துக்கு நல்லதல்ல.