பாயலின் பிறப்பிடம்

கேரளத்துக் குட்டநாட்டு வயல்களிலும் வாய்க்கால்களிலும் பல்லாண்டுகளாகப் பாய் விரித்தாற்போல் படர்ந்து, உழவரை வாட்டிய நீர்க்களை ஒன்று உண்டு. அங்குள்ள மக்கள் அதனை ‘ஆப்பிரிக்கன் பாயல்’ என்பர். சல்வீனியா என்னும் பெரணி வகையைச் சேர்ந்தது அது. ஆனால், அதன் தாயகம் ஆப்பிரிக்கா அன்று. இவ்வுண்மை துலங்கும் வரையில் அதற்குத் தக்க பரிகாரமும் கிட்டவில்லை.

இச்செடிக்கு விதையில்லை. ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் புதுச் செடியாகும். உகந்த சூழலில் சில நாட்களிலேயே இருமடங்காகப் பெருகும். தடித்த விரிப்பாக மூடிக்கொண்டால் நீருக்குள் ஒளியும் காற்றும் புகா, மீன்வளம் குன்றும், ஓடங்கள் நகரா.

இலங்கைக்கு இது 1939ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறை வாயிலாக வந்து, பின்னர் நெல்வயல்களில் பரவியது. ஆப்பிரிக்காவில் சாம்பசி ஆற்றின் குறுக்கே எழுந்த கரிபா நீர்த்தேக்கத்தில் 1959ஆம் ஆண்டில் காணப்பட்ட இக்களை, 1962க்குள் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர் பரப்பை மூடிவிட்டது. ஆக, ஆப்பிரிக்காவும் இதனால் அல்லலுற்ற மண்ணே.

தென்னமெரிக்காவின் ‘சல்வீனியா ஆரிகுலேட்டா’ என்னும் இனமே இது என அறிஞர்கள் முதலில் கருதினர். அவ்வினத்தைத் தின்னும் பூச்சிகளை டிரினிடாட் தீவிலிருந்து தருவித்து ஆப்பிரிக்க நீர்நிலைகளில் விட்டனர். எதிர்பார்த்த பயன் விளையவில்லை. இது தனியோர் இனம் என்பதை 1972ஆம் ஆண்டில் டி.எஸ். மிட்செல் நிறுவி, ‘சல்வீனியா மொலெஸ்டா’ எனப் பெயரிட்டார். 1978ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தென்கிழக்கு பிரேசிலில் அதன் தாயகத்தைக் கண்டறிந்தனர்.

அங்கே அச்செடி அடங்கியே வாழ்ந்தது. இரண்டு மில்லிமீட்டர் அளவேயுள்ள கருநிறக் கூன்வண்டு ஒன்று அதன் குருத்தைத் தின்றுகொண்டிருந்தது. பிற பயிர்களைத் தீண்டாது என்று சோதித்தறிந்த பின், 1980ஆம் ஆண்டில் குயின்ஸ்லாந்தின் மூண்டாரா ஏரியில் அவ்வண்டுகளை விட்டனர். ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் 18,000 டன் களை அழிந்தது. பப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றங்கரையில் ஓடம் செல்ல வழியின்றி ஊரையே துறந்த மக்களுக்கு ஆறு திரும்பக் கிடைத்தது. 1980களில் கேரளத்திலும் அதே வண்டு விடப்பட்டு, வயல்கள் பல மீண்டன.

எந்த நோயையும் அதற்கான மருந்தின்றி இறைவன் இறக்கவில்லை என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அம்மருந்தைத் தேடிக் காண்பது மனிதன் கடன். தம்மிடம் வரும் செய்தியைத் தீர விசாரித்தறியுமாறு திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. விசாரணையின்றிச் சூட்டிய பெயர் ஒரு கண்டத்தின் மீதே பழி சுமத்திவிட்டது. பிழையாக அறிந்த இனம் பல்லாண்டு உழைப்பை வீணாக்கிவிட்டது. மனிதர் விஷயத்தில் நாம் இன்னும் எவ்வளவு எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்!

இக்களை நாடு விட்டு நாடு பரவியதற்கு அழகுக்காக வளர்த்தோரும் காரணமாயினர். ஆகவே, வீட்டு மீன்தொட்டியில் மிகுந்த செடிகளை ஊர்க்குளத்தில் எறிய வேண்டாமெனப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். வெயிலில் நன்கு உலர்த்தி மண்ணில் புதைப்பதே நலம்.