பல்லேகலை குவைத்தைவிடத் தூரமா?

சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகம் அவர்களுக்கு,

கம்பளையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊருக்கு மேலே உள்ள தோட்டங்களில், அம்மா குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலைக்குப் போயிருக்க, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் பலர். இரவில் போனில் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவார்கள். அதே தோட்டத்து லயத்தில் வளரும் இன்னொரு பிள்ளையின் அப்பா, இதே கண்டி மாவட்டத்தில், பல்லேகலை தும்பறைச் சிறைச்சாலையில் இருக்கிறார். அந்தப் பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்த்து மாதக்கணக்காகிறது.

1876இல் கட்டிய போகம்பறைச் சிறை கண்டி நகருக்குள்ளேயே இருந்தது. 2014இன் தொடக்கத்தில் அதை மூடிக் கைதிகளைப் பல்லேகலைக்கு மாற்றினார்கள். அங்கே இடம் விசாலம், மறுக்கவில்லை. ஆனால் பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னொரு பஸ் கூடியது. பார்க்கப் போனால், கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு அன்றைக்குப் பேர் விழாது, கூலி இல்லை. பஸ் காசும் பார்சல் சாமானும் வேறு. அதனால் போவதைக் குறைத்துக்கொள்கிறாள். தன்னை மறந்துவிட்டாள் என்று உள்ளே இருப்பவர் நினைத்துக்கொள்கிறார்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மகாவலி கம்பளைக்குள் புகுந்தது, மலைகள் சரிந்தன. வெளிநாட்டில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் இரவு பகலாக அழைத்துக்கொண்டே இருந்தார்கள். தன் வீடு நிற்கிறதா, ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று நினைத்த நேரத்தில் அழைத்துக் கேட்கக் கைதியின் கையில் போன் இல்லை.

கொரோனாக் காலத்தில், 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் வழக்குகளைத் திரைவழி நடத்த இடங்கொடுத்தது. நீதவான் முன்னால் திரையில் தோன்ற முடிந்த கைதி, தன் மகள் முன்னால் தோன்றக்கூடாதா? ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகளில் 58ஆவது விதி, கடிதத்தோடும் நேரடிச் சந்திப்போடும் தொலைபேசி, மின்னணு வழித் தொடர்பையும் சேர்த்தே சொல்கிறது. தமிழ்நாட்டுச் சிறைகளில் 2023 முதல் மாதத்துக்கு 10 முறை, முறைக்கு 12 நிமிடம் பேசலாம். முகம் பார்த்தும் பேசலாம். நம் சிறைகளை ஆளுவதோ இன்னமும் 1877ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம்.

போதைப்பொருள் வியாபாரம் உள்ளிருந்தே நடக்குமே என்பீர்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்த வியாபாரம் ஒளித்துக் கொண்டுவரும் போனில் நடப்பது. அதற்குக் காசு கொடுக்க முடிந்தவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். வாயடைத்துக் கிடப்பவர் தோட்டத்துக் கைதி. பதிவு செய்த இலக்கத்துக்கு மட்டும், அலுவலர் பார்த்திருக்க, பேச்சு பதிவாகும்படி, முகம் பார்த்துப் பேசும் அழைப்பு நடக்கட்டும். தமிழ் தெரிந்த அலுவலர் ஒருவரும் அங்கே இருக்கட்டும். கேட்டு விளங்கிக்கொள்ள ஆளில்லை என்று தமிழ்க் கைதியின் முறை தள்ளிப்போகக் கூடாது.

இந்த ஒழுங்கைத் தும்பறையில் தொடங்குங்கள், ஐயா. கிழமைக்கு ஒரு தடவை, 10 நிமிடம். நேரத்தை மட்டும் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வையுங்கள். அப்போதுதான் கொழுந்து நிறுத்துவிட்டு அந்தப் பெண் லயத்துக்கு வந்திருப்பாள், பிள்ளையும் விழித்திருக்கும்.